எழுபது வளைவுகள்

கொல்லிமலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 70 என்பார்கள். அவற்றை எண்ணிப் பார்க்கும் ஆசை எனக்கு ஒருநாளும் உண்டானதில்லை. ஆயினும், மூன்று வருஷங்களுக்கு முன் ஓர் ஆடி மாதத்து விடியற்காலையில், ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இறங்கும்படி நேர்ந்தது.

அறப்பளீசுவரர் தரிசனத்துக்குச் சென்ற நாங்கள் சிநேகிதர் வீட்டில் தரையில் படுத்திருந்தோம். நடுநிசியில் என் தம்பி வயிறு வலிக்கிறது என்றான். பலாப்பழத்தின்மேல் பழியைப் போட்டோம். ஆஸ்பத்திரியிலிருந்த நர்ஸ் அம்மாளோ அவன் வயிற்றைப் பார்க்கவில்லை, கண்ணிமைகளைப் பார்த்தார். அவை சரிந்திருந்தன. "தரையிலா படுத்திருந்தார்?" என்று கேட்டார்.

கட்டுவிரியன் தீண்டினால் கடிவாயில் பெரும்பாலும் வலியும் இராது, வீக்கமும் இராது. தசைகள் ஓய்ந்து, கடைசியில் மூச்சும் ஓயும். டாக்டர் விஷமுறிவு மருந்தை ஏற்றினார். ஆனால் ஓய்ந்த மூச்சை அது உடனே மீட்டுத் தராது. நாமக்கல் சேரும்வரை அந்த அம்மாள்தான் ரப்பர் பையை அமுக்கி அமுக்கி அவனுக்காக மூச்சு விட்டார். நான் வளைவுகளை எண்ணினேன்; அவர் மூச்சுக்களை எண்ணினார். 1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது வைத்திய மாணவர்கள் இரவு பகலாகச் செய்ததும் இதுவே. தீவிர சிகிச்சைப் பிரிவு என்பதே அதிலிருந்து பிறந்ததுதான்.

தம்பி பிழைத்தான். பிறகு அந்த அம்மாளைக் காணச் சென்று, "இதெல்லாம் எங்கே கற்றீர்கள்?" என்றேன்.

"பட்டணத்தில் விசேஷப் பயிற்சி கொடுத்தார்கள். பரீக்ஷையில் நல்ல மார்க்குத்தான். ஆனால் அதன் பிறகு என் கை எப்படி இருக்கிறதென்று பார்க்க ஒருவரும் வரவில்லை, ஐயா."

பயிற்சியை அளக்க நான்கு கேள்விகள் வேண்டுமென்று 1959-இல் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் எழுதினார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, பலன் கண்டதா? நம்மவர் முதல் இரண்டோடு கையைத் துடைத்துக்கொள்கிறோம். மூச்சூட்டும் பழக்கமோ சில மாதங்களிலேயே மங்கிவிடுகிறது. நான்காவது கேள்விக்கு விடை காண்பதும் எளிதல்ல. ஐரோப்பாவின் ஒன்பது தேசங்களில் ரணசிகிச்சை பெற்றவர்களை ஆராய்ந்து 2014-இல் ஒரு முடிவு வெளியாயிற்று: பட்டம் பெற்ற நர்ஸுகள் நூற்றுக்குப் பத்து அதிகமானால், மரணம் நேரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு குறைவாம். பெரிய செய்திதான். ஆனாலும் அது படிப்பின் பலனா, அந்த ஆஸ்பத்திரிகளின் செழிப்பின் பலனா என்பதை அந்தக் கணக்கு மட்டும் தீர்த்துச் சொல்லிவிடாது.

"பின் எப்படி மறக்காமல் இருந்தீர்கள்?" என்றேன்.

அலமாரியிலிருந்து பழைய பை ஒன்றை எடுத்தார். மாதம் ஒரு தரம், வேலை ஓய்ந்த வேளையில், கடிகாரத்தைப் பார்த்து அமுக்கிப் பழகுவாராம். என்னிடம் நீட்டினார். நான் வேகமாக அமுக்கினேன்.

"அவசரம் கூடாது. ஐந்து வினாடிக்கு ஒன்று."

நாலு நிமிஷத்தில் என் விரல்கள் கடுத்தன.