நிற்குந் திறம்

காரொன்றை வாங்க விரும்புவோர் அதன் வேகத்தை வினவுவர். எஞ்சினின் வலுவை வினவுவர். இருக்கையின் தோலைத் தடவிப் பார்ப்பர். நிறத்தைப் பற்றி வீட்டாரோடு நெடுநேரம் ஆலோசிப்பர். அது எத்துணைத் தூரத்தில் நிற்கும் என்று வினவுவாரை நாம் இதுகாறுங் கண்டிலோம். ஓடுதலில் உள்ள பெருமை நிற்றலில் இல்லை என்பது உலகோர் கருத்துப் போலும்.

இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் ஒருவர் காரின் பிறேக்கைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு பழைய மாணவர் சிலர் முறுவலித்தல் கூடும். முறுவலிப்பாராக. உயிரோடு தொடர்புடைய பொருள் எதுவும் ஆசிரியனுக்குப் புறம்பானதன்று. அன்றியும், குறைந்த வருவாயுடையார் விலையுயர்ந்த பொருளொன்றைப் பேணுமாறு எங்ஙனம் என்பது இக்காலத்துப் பலர்க்குப் பயன்படும் வினா.

எம் அம்மான் கொழும்பிலே நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவர். 2019ஆம் ஆண்டில் கனடாவிலுள்ள மகளோடு வாழப் புறப்பட்டபோது, தாம் முப்பதாண்டு பேணிய மேர்சிடஸ் பென்ஸ் காரை எம்மிடம் ஒப்புவித்து, “தம்பி, இதை வித்துப்போடாதை; ஓட்டாமல் விட்டும்போடாதை” என்று மாத்திரஞ் சொன்னார். அது 1989ஆம் ஆண்டுக் கார். 300ஈ என்னும் வகையினது. 1984 முதல் வெளிவந்த அவ்வரிசையில் 25 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. எம்முடையதில் ஆறு சிலிண்டர் கொண்ட மூன்று லீற்றர் எஞ்சின். மணிக்கு 220 கிலோமீற்றருக்கு மேற் செல்லவல்லது. ஆசிரியர் சம்பளத்தில் அதனை வைத்திருத்தல் யானையைக் கட்டித் தீனி போடுதல் போல்வது. அயலார் சிரித்தனர். மனைவியாருஞ் சிரித்தார், ஆயினும் அம்மானின் சொல்லைத் தட்ட அவர் ஒருப்பட்டிலர்.

விற்றுவிட்டு வேறொன்று வாங்குதற்கும் காலம் இடங்கொடுக்கவில்லை. 2020 மார்ச்சில் அரசினர் வாகன இறக்குமதியை நிறுத்தினர். தனியார் கார்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கிற்று. இடையில், 2022ஆம் ஆண்டு நெருக்கடியில், ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களுள் 360 ரூபாவை எட்டியது. வெளிநாட்டிலிருந்து வரும் உதிரிப்பாகங்களின் விலையும் உடன் ஏறிற்று. ஆகவே இந்நாட்டிற் பலர், உள்ள பழைய காரைத் திருத்தித் திருத்தியே ஓட்டலாயினர். நாமும் அவருள் ஒருவரானோம்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மனைவி, மக்கள் இருவர், முதிய மாமியார் ஆகியோருடன் நுவரெலியாவுக்குச் சென்றோம். புறப்படுமுன் காரைப் பரிசோதித்த ஒரு கராச்சில், “எல்லாம் சரி” என்றே சொல்லி அனுப்பினர். திரும்புங்கால் இறம்பொடை வழியாக இறங்கினோம். தேயிலை மலைகளினூடே வளைந்து வளைந்து இறங்கும் பாதை அது. பாதி வழியிற் பிறேக் மிதி மெத்தென்றாயிற்று. இரண்டு விரற்கிடை தாழ்ந்ததும் இறுகி நிற்கும் மிதி, இப்போது அடித்தட்டு வரை இறங்கியது. முன்னே ஒரு பஸ், இடப்பக்கம் மலைச்சரிவு. கியரைத் தாழ்த்தி, எஞ்சினின் இழுவையால் வேகத்தை அடக்கி, மிதியைப் பன்முறை அமுக்கி, அகன்ற ஓரமொன்றில் ஒருவாறு காரை நிறுத்தினோம். பிள்ளைகள் பின்னாசனத்திற் பாடிக்கொண்டேயிருந்தனர். மாமியார் மாத்திரம், “ஏன் தம்பி நிப்பாட்டினீங்கள்? தேத்தண்ணி குடிக்கவோ?” என்று வினவினார். “ஓம் மாமி” என்றோம். எம் கைகள் நடுங்கியதை அவர் கண்டிலர்.

ஒரு மணி நேரத்தின் பின் மிதி மீண்டும் இறுகிற்று. கம்பளையில் பிறேக் ஒயிலை மாற்றுவித்து, மெல்ல மெல்ல யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தோம். மிதி ஏன் தளர்ந்தது, ஏன் தானே மீண்டது என்பதை அறிந்தாலன்றி அக்காரில் மீண்டும் எம் பிள்ளைகளை ஏற்றுவதில்லை என்று அன்றே உறுதிகொண்டோம்.

விஞ்ஞான ஆசிரிய நண்பர் ஒருவர் கரும்பலகையில் விளக்கினார். பிறேக் என்பது ஓட்டத்தை வெப்பமாக மாற்றுங் கருவி. ஒன்றரைத் தொன் எடையுள்ள காரொன்றை மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம், இரண்டு லீற்றர் கிணற்று நீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. வேகம் இருமடங்கானால் வெப்பம் இருமடங்கன்று, நான்கு மடங்கு. ஒரு கிலோமீற்றர் உயரத்தை மிதியை மாத்திரம் நம்பி இறங்கினால், அத்தகைய நிறுத்தங்கள் இருபத்தைந்துக்கு ஒப்பான வெப்பத்தைப் பிறேக்குகள் தாங்கவேண்டும். பிறேக் ஒயிலோ காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் இயல்பினது. டொட் 4 என்னுந் தரத்தினது புதிதாயிருக்கையில் 230 பாகை சதமளவை வரை கொதியாதிருத்தல் வேண்டும். ஈரம் உண்டபின் அவ்வெல்லை 155 பாகைக்கு இறங்கிவிடலாம். ஒயில் கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகும். திரவம் அமுக்கத்துக்கு இசையாது, ஆவியோ இசையும். ஆதலின் காலின் விசை சில்லைச் சென்றடையாது. வெப்பந் தணிந்தவழி ஆவி மீண்டுந் திரவமாகும், மிதியும் இறுகும். இறம்பொடையில் நிகழ்ந்தது இதுவே. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டிய, மிக மலிவான ஒயிலொன்று ஐந்து உயிர்களோடு விளையாடியது.

காரணம் அறிந்தபின் பிறேக்கின் வரலாற்றையுந் தேடிப் படித்தோம். இங்கிலாந்தில் ஹேர்பேர்ட் புறூட் என்பார், குதிரைவண்டிகள் மலைச்சரிவில் இறங்கும்போது குடியானவர் பழைய சப்பாத்துகளைச் சில்லிற் பொருத்தித் தடுப்பதைக் கண்டு, உராய்வுப் பொருளாக்குந் தொழிலைத் தொடங்கினார் என்பர். 1897இல் அவர் நிறுவியதே பெரோடோ நிறுவனம். டிஸ்க் பிறேக்குக்கு லாஞ்செஸ்ரர் என்னும் ஆங்கிலேயர் 1902இலேயே காப்புரிமை பெற்றார்; எனினும் 1953ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிறேக் பூண்ட ஜாகுவார் கார் முதலிடம் பெற்ற பின்னரே உலகம் அதனை நன்கு மதித்தது. நேராக விரைந்ததனால் மாத்திரம் அக்கார் வெல்லவில்லை. வளைவை அணுகும்போது ஏனையோரினும் பிந்தி வேகத்தைத் தணிக்க அதனால் இயன்றது. வேகத்துக்கு உரிமை தருவது அடக்கமே என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ? அடக்கமுடைமைக்கு வள்ளுவர் தனியோர் அதிகாரம் வகுத்தமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இனிப் பொருட்செலவுக்கு வருவோம். தலைநகரிலுள்ள ஒரு பெருங் கராச்சிற் கேட்டபோது, டிஸ்க் நான்கு, கலிப்பர் நான்கு, பிறேக் பாட், ஹோஸ், கைப்பிறேக்கின் சப்பாத்து யாவும் புதிதாக வேண்டுமென்று நீண்ட பட்டியல் தந்தனர். தொகையைக் கண்டதும் மீண்டும் இறம்பொடையில் இறங்குவது போன்ற உணர்ச்சி உண்டாயிற்று. அஃது எம் பல மாதச் சம்பளம். அயலவர் ஒருவர் மறு எல்லையிற் சென்று, பெயருங் குறியுமற்ற மலிவான பாட் ஒன்றைச் சந்தையில் வாங்கிப் பூட்டினாற் போதும் என்றார். முன்னவர் சொன்னது எம்மால் இயலாதது. பின்னவர் சொன்னது செய்யத்தகாதது.

நாம் நாடியது யாழ்ப்பாணத்து முதிய மெக்கானிக் ஒருவரை. 1990களிற் பொருளாதாரத் தடையாற் குடாநாட்டிற் பெற்றோல் அரிதானபோது, ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடச்செய்த கைகள் அவருடையவை. பட்டியலைப் படித்துக் காட்டினோம். அவர் சொன்ன விடை எம் நெஞ்சில் நிலைத்துவிட்டது: “மாஸ்ரர், ஓடுறதுக்குக் காசைக் குறைக்கலாம், நிக்கிறதுக்குக் குறைக்கேலாது. ஆனால் எது நிக்கிறதுக்கு, எது பேருக்கு எண்டு பாக்கவேணும்.”

பார்த்தார். சில்லுகளைக் கழற்றி, டிஸ்க்கின் தடிப்பை மைக்ரோமீற்றரால் அளந்தார். டிஸ்க் எத்துணை தேயலாம் என்னும் எல்லை அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். முன்னிரண்டும் அவ்வெல்லையைக் கடந்திருந்தன. அவற்றை மாற்றியே ஆகவேண்டும். பின்னிரண்டும் போதிய தடிப்போடு, வெடிப்பும் வளைவுமின்றி இருந்தன. அவை இருக்கட்டும் என்றார். கலிப்பர்களை எறியவேண்டியதில்லை, அவற்றைக் கழற்றித் துப்புரவாக்கி, உள்ளேயுள்ள இறப்பர் வளையங்களையும் தூசு மறைப்புகளையும் மாற்றினாற் போதும். பிஸ்டன்களில் துருவில்லை. கைப்பிறேக்கின் சப்பாத்துகள் பின் டிஸ்க்கின் உட்புறத்தே தனியாக உள்ளவை. அவை தேயவில்லை, இறுக்கஞ் செய்தாற் போதும். ஆயின் நெகிழ்குழாய்களாகிய ஹோஸ்கள் முப்பத்தைந்தாண்டு கண்டவை. வெளியே நன்றாகத் தோன்றினும் உள்ளே வீங்கி அடைபடக்கூடியவை. அவற்றுள் ஒன்றையேனும் மிச்சம் பிடிக்க அவர் இசையவில்லை.

பாட் வாங்குமிடத்து அவர் மற்றொரு நுட்பத்தைக் கற்பித்தார். கார் நிறுவனங்கள் பிறேக் உறுப்புகள் யாவற்றையுந் தாமே வார்ப்பதில்லை. சான்றாக, 1906இல் பிராங்பேர்ட் நகரில் தோன்றிய ஏ.ரீ.ஈ. நிறுவனம் பென்ஸ் கார்களுக்குப் பிறேக் உறுப்புகளை வழங்கிவந்தது. அத்தகைய ஆலையின் பொருள் நட்சத்திரக் குறியிட்ட பெட்டியில் வந்தால் ஒரு விலை. ஆலையின் சொந்தப் பெட்டியில் வந்தால், நாம் கேட்டறிந்த அளவில், அதனிற் பாதி. பொருள் ஒன்று, பெட்டி இரண்டு. பெட்டிக்குப் பணங்கொடுத்தல் பெருமைக்கு ஆகும், நிற்பதற்கு ஆகாது. ஆனால் எந்தப் பெட்டியாயினும் பாட்டின் முதுகில் ஈ என்னும் ஆங்கில எழுத்தும் 90ஆர் என்னும் அடையாளமும் உளவோ என நோக்குக என்றார். மாற்றுப் பாட் மூலப்பாட்டைப் போலவே பிடிக்கிறதா என்பதைச் சோதிக்கும் ஐரோப்பிய விதியின் முத்திரை அது. போலிகளும் உலாவுதலின், அறிந்த கடையில் வாங்குதலே நன்று.

இவ்வாறு இரண்டு டிஸ்க், இரண்டு அச்சுக்கும் பாட், தேய்வை உணர்த்துஞ் சிறு கம்பிகள், நான்கு ஹோஸ், இறப்பர் வளையத் தொகுதிகள், ஒயில், கூலி எல்லாஞ் சேர்த்தும் பெருங் கராச் சொன்ன தொகையில் மூன்றிலொரு பங்கையே எட்டின. ஒரு பக்கத்துச் சில்லுக்குப் புதியதும் மறுபக்கத்துக்குப் பழையதும் பூட்டலாகாது என்பதையும், பாட்டின் முகத்தில் எண்ணெய் பட்டால் அது பயனற்றதாகும் என்பதையும் அருகிருந்து கற்றோம். நாம் செய்த உதவி, பிறேக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுகையில் அவர் சொன்னபோது மிதியை அமுக்கியதும், சொன்னபோது பிடித்துக்கொண்டிருந்ததுமே. அமுக்கும்போது விட்டால் காற்று மீண்டும் உட்புகும் என்று அவர் அதட்டியதை எம் மாணவர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பர்.

வேலை முடிந்ததும் பண்ணைப் பாலத்து நேர்வீதியிற் காரைச் செலுத்தச் செய்தார். நடுத்தர வேகத்திலிருந்து மெல்ல வேகந் தணித்தல், சிறிது ஓடிக் குளிரவிடல், மீண்டுந் தணித்தல். இங்ஙனம் இருபது முறை. புதிய பாட்டும் புதிய டிஸ்க்கும் ஒன்றையொன்று அறிந்து பொருந்துதற்கு இது வேண்டும். முதற் சில நூறு கிலோமீற்றருக்கு, ஆபத்து நேர்ந்தாலன்றிக் கடிதாக மிதியற்க என்றும் எச்சரித்தார். கூலியைக் கொடுத்தபோது ஒரு பகுதியைத் திருப்பித் தந்து, “பிள்ளையளுக்கு ஏதும் வாங்கிக் குடுங்கோ” என்றார்.

சிக்கனம் வேறு, உலோபம் வேறு. உலோபி எல்லாவற்றிலுங் குறைப்பான். ஊதாரி எதிலுங் குறையான். சிக்கனமுடையோன் அளந்து பார்ப்பான். அளத்தற்கு அறிவு வேண்டும், அறிவுடையாரின் துணையும் வேண்டும். பெருங் கராச்சார் அளவாது சொன்னமையால் எம் பணம் போக இருந்தது. அயலவர் அளவாது சொன்னமையால் எம் உயிரே போக இருந்தது.

இளமாணவர்க்கு ஒரு சொல். நும்முட் சிலர் மோட்டார் சைக்கிளில் வருகின்றீர். அதன் ஒலியைப் பெருக்கவும் விளக்கை மாற்றவும் பணஞ் செலவிடுவீர். இச்சனிக்கிழமை அதன் பிறேக் பாட்டின் தடிப்பையும் ஒயிலின் நிறத்தையும் ஒருமுறை நோக்குமின். ஒயில் கறுத்திருந்தால் மாற்றுமின், செலவு சிறிது. கல்லூரி வாயிலில் நும்மை எதிர்பார்த்து நிற்கும் ஆசிரியர்க்கும், மாலையில் வீட்டுப் படலையில் நிற்கும் தாய்மார்க்கும் நீவிர் செய்யும் நன்றி அதுவாகும்.

விழாக் கொண்டாடும் எம் கல்லூரி நீடு வாழ்க. அம்மானின் காரில் விழாவுக்கு வருவோம். வாயிலில் உரிய இடத்தில் நிற்போம்.