படுவான்கரையில் ஓர் இரவு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் முன்னோர் ஞாயிற்றை வைத்தே பெயரிட்டனர். கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எழுவான்கரையில் வாழும் பல்கலைக்கழக மாணவன் ஒருவன், மாசி மாத அமாவாசை இரவொன்றில், இரவல் வாங்கிய கமராவுடன் படுவான்கரையிலுள்ள தன் மாமன் வீட்டுக்குச் சென்றான். விண்மீன்களின் சுவட்டைப் படமாக்குவது அவன் நோக்கம். வாவியில் மீன்பாடல் கேட்கப் பூரணை வேண்டும் என்பர். வானத்து மீனின் சுவடு காண்பதற்கோ அமாவாசையின் இருளே வேண்டும்.

புவி மணிக்கு ஏறத்தாழ 15 பாகை சுழல்கிறது. ஆகவே, அசையாது நிறுத்திய கமராவில் ஒவ்வொரு விண்மீனும் ஒரு கோடாகப் பதியும். 30 விநாடிப் படங்களை இடைவிடாது எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அக்கோடு முழுமை பெறும். ஒரு மணி நேரத்துக்கு 120 படங்கள்.

அவனுடைய தாய் இதனை விரும்பவில்லை. போர்க்காலத்தில் படுவான்கரையில் வளர்ந்தவர் அவர். பொழுது சாய்ந்ததும் விளக்கணைத்துக் கதவடைத்த வீடுகளையும், இருளில் வெளியே சென்று திரும்பாதவர்களையும் அறிந்தவர். போர் 2009இல் முடிந்துவிட்டது. இரவைப் பற்றிய அச்சம் மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை. “ராவையில வெளிய என்ன வேலை?” என்று மட்டுமே கேட்டார். அவனிடம் தக்க விடை இருக்கவில்லை.

நூல்களிற் கண்ட படங்களில் விண்மீன்கள் துருவத்தைச் சுற்றி முழு வட்டங்கள் வரைந்திருந்தன. அவற்றை நாடிக் கமராவை வடக்கு நோக்கி நிறுத்தினான். ஒரு மணி நேரத்தின் பின் மடிக்கணினியில் தெரிந்தவை தென்னைகளுக்குப் பின்னால் அமிழ்ந்த வில் துண்டுகளே. பிழை கமராவினதன்று. ஓரூரின் அகலக்கோடு எவ்வளவோ அவ்வளவு உயரத்திலேயே அங்கு வானத்தின் துருவம் நிற்கும். இலண்டனில் அது 51 பாகைக்கு மேல்; மட்டக்களப்பில் 8 பாகைக்கும் குறைவு. நீட்டிய கையின் முட்டியே அதை மறைத்துவிடும். பிறருடைய வானத்தை அவன் தன் ஊரில் தேடியிருந்தான்.

யானை வருமோவென்று டோர்ச் விளக்குடன் அருகில் காவலிருந்த மாமன் சிரித்தார். “கிழக்கால பாருங்க மருமோன். நாங்க சாமம் பார்த்ததெல்லாம் எழுவான் பக்கந்தான்.” இளமையில் இரவு முழுதும் வலை வீசிய அவருக்கு, எழுகின்ற விண்மீன்களே மணிக்கூடு. பின்னர் வாவியில் இரவுத்தொழிலுக்குத் தடைகள் வந்தன. மணிக்கூடு வானத்தில் ஓடிக்கொண்டிருந்தது; அதைப் பார்ப்பதற்குத்தான் அவர் கரையில் இல்லை.

கமரா கிழக்கே திரும்பியது. பூமத்திய ரேகைக்கு அண்மையில் உள்ள ஊராதலால் விண்மீன்கள் அங்கு ஏறக்குறைய நேராகவே மேலேறுகின்றன. நள்ளிரவு கடந்ததும் பனி படிந்து வில்லை மங்கியது. மாமன் சாரத்தின் நுனியால் துடைக்க முனைந்தார். அவன் பதறித் தடுத்தான். அந்தப் பதற்றத்தில் முக்காலி சற்றே அசைந்தது.

மறுநாள் அடுக்கிய படத்தில், வானை நோக்கிப் பெய்யும் மழைபோலக் கோடுகள் எழுந்தன. நடுவில் எல்லாமே ஒருமுறை முறிந்திருந்தன. கீழே, நீரின்மேல் ஒரு செம்மஞ்சட் கோடு கோணலாய் ஓடியது. இறால் பிடிக்கும் தோணியொன்றின் விளக்கு அது. குறையெனக் கருதி அதனை அழிக்க எண்ணியவாறே தாயிடம் படத்தைக் காட்டினான்.

அவர் விண்மீன்களைப் பார்க்கவில்லை. விரல் அந்தச் செம்மஞ்சட் கோட்டில் நின்றது.

“தோணி ராமுழுக்க நிண்டதா?”

“விடியுமட்டும் நிண்டது, அம்மா.”

நெடுநேரம் அவர் எதுவும் பேசவில்லை. பின்னர், அடுத்த முறை செல்லும்போது பனிக்குத் தலையில் துணி கட்டிக்கொள்ளும்படி சொல்லிவிட்டுக் குசினிக்குள் சென்றார். அவன் அக்கோட்டை அழிக்கவில்லை.