ஒரே பாட்டு, ரெண்டு ரிலீஸ்

எங்க ஊர்ல ஒரு படத்தோட பாட்டு ரெண்டு தடவை ரிலீஸ் ஆகும். தமிழ்ல முதல்ல வந்தா கொஞ்ச நாள்ல தெலுங்குல வரும். தெலுங்குல முதல்ல வந்தா அப்புறம் தமிழ்ல. ரெண்டையும் வாங்கணும், ரெண்டையும் கேக்கணும், எது ஒசத்தின்னு சண்டை போடணும். சித்தூர்ல பொறந்தவங்களுக்கு ஆண்டவன் குடுத்த தனி வரம் இது :-)

இங்கே நியூஜெர்சியில தமிழ்ச் சங்கப் பொங்கலுக்குப் போனா, "சித்தூரா? அது ஆந்திராவாச்சே, நீங்க தெலுங்கா?"ன்னு கேப்பாங்க. தெலுங்குச் சங்க உகாதிக்குப் போனா, ரெண்டு நிமிஷம் என் பேச்சைக் கேட்டுட்டு "மீரு அரவமா?"ன்னு கேப்பாங்க. ரெண்டு இடத்துலயும் சாப்பாடு நல்லா இருக்கும், அதனால நான் ரொம்ப விளக்கறதில்லை. விளக்கணும்னா 1911-க்குப் போகணும். அதுவரைக்கும் சித்தூர்தான் வட ஆற்காடு ஜில்லாவுக்கே தலைநகரம். 1911-ல தனி ஜில்லா ஆச்சு. 1953-ல ஆந்திரா ஆச்சு. 1960-ல திருத்தணி மட்டும் மெட்ராஸ் பக்கம் போச்சு. 2022-ல திருப்பதியும் பிரிஞ்சு தனி மாவட்டம் ஆயிடுச்சு. கோடு நகர்ந்துகிட்டே இருந்தது. எங்க வீட்ல பேசற தமிழ் இருந்த இடத்துலயே இருந்தது.

ஆனா வீட்ல தமிழ் பேசினதோட சரி. நான் படிச்சது தெலுங்கு மீடியம். எங்க நைனாவும் தெலுங்கு மீடியம். (ஆமா, அப்பாவை நைனான்னுதான் கூப்பிடுவோம். அது தமிழா தெலுங்கான்னு யாராவது ஆராய்ச்சி பண்ணிச் சொல்லுங்க.) தமிழ் எழுத்து எனக்குப் பள்ளிக்கூடத்துல வரலை, பாட்டுப் புத்தகத்துல வந்தது. சித்தூர்லேருந்து வேலூர் முப்பத்தஞ்சு கிலோமீட்டர். நைனா வேலை விஷயமா அங்கே போனா, பஸ் ஸ்டாண்டுல விக்கிற சினிமாப் பாட்டுப் புத்தகம் ஒண்ணு வாங்கிட்டு வருவார். சாணித்தாள்ல அச்சு, படத்துக்கு நாலைஞ்சு பக்கம். பாட்டு மனப்பாடமா தெரியும். அதனால பாடிக்கிட்டே விரலை வரி மேல நகர்த்தினா, எந்த எழுத்துக்கு எந்தச் சத்தம்னு தானா பிடிபட்டது. 'ழ' எழுத்தை நான் முதல் தடவை பார்த்தது ஒரு காதல் பாட்டுல. திருக்குறள்லன்னு சொல்லத்தான் ஆசை. என்ன பண்றது.

கேசட் கதைக்கு வரேன். புதுப் படத்துப் பாட்டு, படம் வர்றதுக்குச் சில வாரம் முன்னாடியே கடைக்கு வந்துடும். தமிழ் கேசட் வேலூர் வழியா உடனே கிடைக்கும். தெலுங்கு கேசட் திருப்பதியில முதல்ல கிடைக்கும், எழுபது கிலோமீட்டர் தள்ளி. புதுக் கேசட் வாங்கக் காசு இல்லாதவனுக்கு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. அங்கே ஒரு நீள நோட்டுல பாட்டெல்லாம் நம்பர் போட்டு எழுதியிருக்கும். அறுபது நிமிஷ வெத்துக் கேசட்ல பன்னெண்டு பாட்டு பிடிக்கும், பதிமூணாவது பாட்டு சரணத்துலயே அறுந்துடும். அந்தப் பன்னெண்டு எதுன்னு முடிவு பண்ண நாங்க எடுத்துக்கிட்ட நேரத்துல இன்னொரு பட்டம் வாங்கியிருக்கலாம்.

எனக்கு ஒரு நண்பன். வீட்ல தெலுங்கு, தெருவுல தமிழ். என் கதையைத் திருப்பிப் போட்டா அவன். பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. அப்புறம் அவன் எஸ்.வி. யுனிவர்சிட்டியில படிக்க திருப்பதி போயிட்டான். நான் சித்தூர்லயே. அப்போ எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம். வேலூர்ல வர்ற தமிழ் கேசட் நான் வாங்கணும், திருப்பதியில வர்ற தெலுங்கு கேசட் அவன் வாங்கணும். பத்து நாள் கேட்டுட்டு மாத்திக்கணும். திருப்பதி பஸ்ல ஒரு கண்டக்டர் அண்ணன் எங்களுக்குத் தெரிஞ்சவர். தினத்தாள்ல சுத்தி அவர்கிட்ட குடுத்தா சாயந்திரம் அங்கே போய்ச் சேர்ந்துடும். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: எந்தப் பாட்டு நல்லா இருக்கு, எந்த இடத்துல வயலினைக் கவனிக்கணும், எதை ஓட்டி விடணும். அவன் தெலுங்குல எழுதுவான், நான் தமிழ்ல பதில் எழுதுவேன். பாட்டுப் புத்தகத்துக்கு அப்புறம் நான் தமிழ் எழுதிப் பழகினது அந்தச் சீட்டுலதான்.

இப்போ சண்டை. 1983-ல 'சாகர சங்கமம்' வந்தது, அதே வருஷம் தமிழ்ல 'சலங்கை ஒலி'. ரெண்டுக்கும் இளையராஜா, ரெண்டுலயும் எஸ்.பி.பி., ஜானகி அம்மா. தெலுங்குல வேட்டூரி, தமிழ்ல வைரமுத்து. தெலுங்குப் படத்துக்காக இளையராஜாவுக்கும் எஸ்.பி.பி.க்கும் தேசிய விருது. எங்களுக்கு அப்போ பதினொரு வயசு, விருதெல்லாம் தெரியாது. ஆனா பின்னாடி கல்லூரி நாள்ல, அந்த ரெண்டு கேசட்டையும் மாத்தி மாத்திப் போட்டுத்தான் எங்க பெரிய சண்டையே நடந்தது.

அவன் கட்சி இது. தெலுங்குச் சொல் பெரும்பாலும் உயிரெழுத்துல முடியும். தமிழ்ல கண், அங்கே கன்னு. இங்கே பால், அங்கே பாலு. வில், வில்லு. வரி முடியற இடத்துல மெட்டு நீண்டா, தெலுங்குல வாய் திறந்தபடியே போகலாம். தமிழ்ல ன், ள், ம்னு ஏதாவது ஒரு மெய் வந்து நிக்கும். "உங்க ஆளு ஒவ்வொரு வரி முடிஞ்சதும் கதவைச் சாத்திட்டுப் போறாருரா"ன்னு எழுதினான். நான் பதிலுக்கு எழுதினேன்: "உங்க ஆளு கதவைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டாரு, திருடன் வந்துடுவான்."

கிண்டலைத் தள்ளிட்டுச் சொன்னா, ரெண்டு பேர் சொன்னதுலயும் விஷயம் இருக்கு. ஜானகி அம்மா ஒரு 'ம்'ல நின்னு அப்படியே ஹம்மிங்குக்கு நழுவற அழகு தமிழுக்கு உரியது. உயிர்ல முடியற வரியில அந்த நழுவல் வேற மாதிரி இருக்கும். எஸ்.பி.பி. தெலுங்குல வரி முடிவுல ஒரு சின்னச் சிரிப்பு மாதிரி காத்தை விடுவார். தமிழ்ல அதே இடத்துல அந்தச் சிரிப்பு சொல்லுக்குள்ள போயிடும். ரெண்டையும் கேட்டவனுக்குத்தான் இது தெரியும். சென்னையில வளர்ந்த நண்பர்களுக்கு ஒரு பாதிதான் கிடைச்சது, ஹைதராபாத்காரங்களுக்கு இன்னொரு பாதி. பாவம்தான்.

அடுத்தது டப்பிங் பாட்டு எழுதறவங்க படற பாடு. நடிகர் வாய் மூடற இடத்துல ப, ம மாதிரி உதடு ஒட்டற எழுத்து வரணும். மெட்டு மாறக்கூடாது. அர்த்தமும் இருக்கணும். 'ரோஜா' 1992-ல தமிழ்ல வந்தப்போ நான் அனுப்பின கேசட்டை அவன் திருப்பியே தரலை. (ஒப்பந்த மீறல்.) அப்புறம் ராஜஸ்ரீ வரிகளோட தெலுங்கு கேசட் வந்தது. "டப்பிங் வரின்னு முகம் சுளிக்காம கேளு, அந்த மனுஷன் கையையும் காலையும் கட்டிப் போட்டுட்டு நீந்தச் சொன்னா நீந்தறாரு"ன்னு சீட்டுல இருந்தது. சரியான பேச்சு. டப்பிங் பாட்டாசிரியரை மட்டமாப் பேசறவங்க, நாலு வரி எழுதிப் பார்க்கட்டும்.

டப்பிங்கே தேவைப்படாத அதிசயமும் உண்டு. 1980-ல 'சங்கராபரணம்' தெலுங்காவே தமிழ்நாட்டுல ஓடு ஓடுன்னு ஓடுச்சு. இசை கே.வி. மகாதேவன், நாகர்கோவில் பக்கத்துத் தமிழர். அதுல பாடி தேசிய விருது வாங்கின வாணி ஜெயராம், பொறந்தது எங்க பக்கத்து வேலூர். நைனாவுக்கு அதுல பெரிய பெருமை, ஏதோ சொந்தக்காரப் பொண்ணு மாதிரி பேசுவார். 2023 பிப்ரவரியில வாணியம்மா போன செய்தி வந்தப்போ நைனா இல்லை. இருந்திருந்தா, எனக்கு ராத்திரி எத்தனை மணின்னு பார்க்காம போன் பண்ணியிருப்பார்.

திருப்பதியில இன்னொரு வகைப் 'புது ரிலீஸ்' இருந்தது. பாட்டு எழுதி ஐநூறு வருஷம் ஆகியிருக்கும், ஆனா கேசட் புதுசு. அன்னமாச்சாரியாரோட கீர்த்தனைகள் திருமலை பண்டாரத்துல ரெண்டாயிரத்துக்கும் மேல செப்பேடுகள்ல கிடந்து, 1920-கள்ல வெளியே வந்தது. பன்னெண்டாயிரத்துக்கும் மேல பாட்டு. ராகத்தோட பேர் இருந்தது, ஸ்வரம் இல்லை. அதனால ஒவ்வொண்ணுக்கும் யாராவது உக்காந்து மெட்டுப் போட்டாகணும். ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போட்டார், நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போட்டார். தேவஸ்தானம் ஏற்பாட்டுல எம்.எஸ். அம்மா 'பாலாஜி பஞ்சரத்னமாலா'ன்னு அஞ்சு இசைத்தட்டு பாடினாங்க. அன்னமய்யாவை நம்ம வீட்டுக்கெல்லாம் கொண்டு வந்தது அதுதான். மதுரைக்காரம்மா பாடி ஒரு தெலுங்குக் கவி உலகம் பூரா போனார். இன்னிக்குத் திருப்பதியில அம்மாவுக்குச் சிலையே இருக்கு. திருமலையில மார்கழி மாசம் சுப்ரபாதத்துக்குப் பதிலா ஆண்டாளோட தமிழ்த் திருப்பாவைதான். வேங்கடத்தைத் தமிழோட வடக்கு எல்லைன்னு தொல்காப்பியப் பாயிரம் சொல்லுது. எல்லைன்னா சுவர்னு நாம நினைச்சுக்கறோம், அங்கே அது வாசப்படி மாதிரிதான் இருக்கு.

1978-ல தேவஸ்தானம் அன்னமாச்சாரியா திட்டம் ஆரம்பிச்சுது. அதுல சேர்ந்தவர் கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத். அறுநூறுக்கும் மேல கீர்த்தனைகளுக்கு மெட்டுப் போட்டவர். அவர் கேசட் ஒவ்வொண்ணும் என் நண்பனுக்கு ரஜினி படம் மாதிரி. வந்த அன்னிக்கே வாங்கி கண்டக்டர் அண்ணன்கிட்ட குடுத்துடுவான். "நீ ராஜாவை அனுப்பு, நான் அன்னமய்யாவை அனுப்பறேன்" - இது அவனோட கணக்கு. நான் பக்திமான் இல்லை, ஆனா அந்தக் குரலுக்காகக் கேட்டேன். 2025 மார்ச் 9-ந்தேதி அவர் திருப்பதியில காலமானார். நண்பன் போன் பண்ணினான். பேசவே இல்லை, போனை ஸ்பீக்கர் பக்கத்துல வச்சுட்டு ஒரு பாட்டு முழுசா ஓட விட்டான். அப்புறம் "சரி, தூங்குரா"ன்னு வச்சுட்டான்.

இப்பவும் புதுப் பாட்டு வந்தா நாங்க மாத்திக்கறோம். ஆனா கண்டக்டர் அண்ணனுக்கு வேலை இல்லை, ஒரே நாள்ல அஞ்சு மொழியிலயும் வந்துடுது. 2021-ல 'புஷ்பா' வந்தப்போ அவனுக்குத் தலைகால் புரியலை. எங்க சித்தூர்த் தெலுங்கை, ஊர் பூரா "அது என்ன பாஷை"ன்னு சிரிச்ச தெலுங்கை, பெரிய ஹீரோ பேசறார்! தேவி ஸ்ரீ பிரசாத்துக்கு அந்தப் பாட்டுகளுக்குத் தேசிய விருதும் கிடைச்சது. தெலுங்கு வரி சந்திரபோஸ், தமிழ் விவேகா. 'ஸ்ரீவள்ளி' பாட்டைத் தமிழ்லயும் தெலுங்குலயும் பாடினவர் சித் ஸ்ரீராம், கலிஃபோர்னியாவுல வளர்ந்த பையன்.

என் பொண்ணுக்குப் பதினாலு வயசு. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போறா, முணுமுணுத்துக்கிட்டேதான். எழுத்துக்கூட்டிப் படிப்பா, ஆனா அந்தப் பாடப் புத்தகத்துல இருக்கிற எந்த வாக்கியத்தையும் அவ வாழ்க்கையில யார்கிட்டயும் சொல்லப் போறதில்லை. ஒரு நாள் கார்ல 'ஸ்ரீவள்ளி' ரெண்டும் அடுத்தடுத்து ஓடுச்சு. "அப்பா, இது ரெண்டும் ஒரே பாட்டு இல்ல. ரெண்டாவதுல அவர் வாயைத் திறந்தே வச்சிருக்கார்"ன்னா. நான் வண்டியை ஓரமா நிறுத்திட்டேன். யாரும் அவளுக்குச் சொல்லித் தரலை.

அன்னிக்கு ராத்திரியே திருப்பதிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் அஞ்சு நிமிஷம் சிரிச்சான். இப்போ ஞாயித்துக்கிழமை காலையில அவளுக்கு அவன்கிட்டேருந்து ஒரு குரல் பதிவு வருது. ஒரு தெலுங்குப் பாட்டு, அதுல ரெண்டு வரிக்கு அர்த்தம், "பங்காரம், உங்க நைனாவைத் தமிழ் வரி கேட்டுப் பாடச் சொல்லு, எது நல்லா இருக்குன்னு நீயே தீர்ப்பு சொல்லு"ன்னு முடியும். அவ பதிலை ஒரு நோட்டுல எழுதி போட்டோ எடுத்து அனுப்பறா. தமிழ்ல எழுதறா, தப்புத் தப்பா. போன வாரம் 'ழ' சரியா வந்திருந்தது.

மாமா இந்த வாரம் குடுத்திருக்கிற வேலை 'சாகர சங்கமம்', 'சலங்கை ஒலி' ரெண்டும். உங்க வீட்லயும் பிள்ளைங்களை உக்கார வச்சு ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்க. ஹெட்போன் வேணாம், ஸ்பீக்கர்ல. வரி முடியற இடத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்க. பிள்ளைங்க என்ன சொல்றாங்கன்னு எனக்கும் எழுதுங்க. திருப்பதிக்கு அனுப்பி வைக்கிறேன்.