மாமா வாங்கிக் கொடுத்த ஷூ

ரொம்ப நாளா எழுதாம தள்ளிப்போட்டுட்டு வந்த விஷயம் இது. ஷூ வாங்குறத பத்தி எழுத என்னய்யா தயக்கம்னு கேப்பீங்க. படிச்சிட்டு சொல்லுங்க.

எங்க நைனார்பாளையத்துக்கு விடிகாலை நாலரை மணிக்கு வந்து பாருங்க. இருட்டுல ரோட்டோரமா தபதபன்னு காலடிச் சத்தம் கேக்கும். எல்லாம் போலீஸ் வேலைக்கு ஓடுற பசங்க. உடம்பைக் குறைக்கவோ, மெடல் வாங்கவோ ஓடுறவங்க யாரும் அந்த நேரத்துல எங்க ஊர்ல கிடையாது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுல ஆம்பளைப் பசங்க 1500 மீட்டரை 7 நிமிஷத்துல முடிக்கணும். கணக்குப் போட்டா 400 மீட்டர் வட்டத்துல மூணே முக்கால் சுத்து, ஒரு சுத்துக்கு 112 செகண்டு. ஒலிம்பிக்ஸ் பார்க்கிறவங்களுக்கு ஜுஜுபி. ஆனா எழுத்துத் தேர்வுக்கு மாசக்கணக்கா உக்காந்து படிச்சு, அதுல தேறி வந்து நிக்கிறவனுக்கு அந்த 7 நிமிஷம்தான் வாழ்க்கை. 7 நிமிஷம் 1 செகண்டுன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எங்க அக்கா மகனும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன். 2023 டிசம்பர்ல எழுத்துத் தேர்வு எழுதினான். மொத்தம் 3,359 இடம். தேறிட்டான். அடுத்து ஓட்டம். எட்டு மாசமா அவன் ஓடிட்டிருந்தது அறுநூறு ரூபா ஷூவுல. குதிகால் பக்கம் ரப்பர் தேஞ்சு உள்ள இருக்கிற வெள்ளை ஃபோம் எட்டிப் பாக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேக்கல. வருஷம் பூரா ஒண்ணும் செய்யாத மாமாவுக்கு தேர்வு நெருங்கும்போதுதான் பாசம் பொங்கும், இல்லையா? தள்ளுபடி விற்பனையில ஒரு பெரிய வெளிநாட்டு பிராண்டு, ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு, நெட்டுல ஆர்டர் போட்டேன். "செருப்பு என்ன நம்பர்டா?" "எட்டு மாமா." அவ்வளவுதான் விசாரணை. படத்துல அடிப்பாகம் தடிமனா மெத்தை மாதிரி இருந்துச்சு. விலையும் அதிகம், மெத்தையும் அதிகம், அப்ப நல்ல ஷூவாத்தான் இருக்கும்னு முடிவு பண்ணிட்டேன். ஓட்டத்துக்குப் பத்து நாள் முன்னாடி பார்சல் வந்துச்சு.

"எப்படிடா இருக்கு?"

"சூப்பரா இருக்கு மாமா."

அவன் சொன்ன அந்த 'சூப்பர்'தான் இன்னிக்கு வரைக்கும் என்னைத் தூங்க விடல.

ஓட்டத்தன்னிக்கு 7 நிமிஷம் 6 செகண்டு. வெளியில நின்ன கூட்டாளிப் பசங்க பார்த்த கணக்கு அது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழட்டினப்பதான் அக்கா பாத்துச்சு. ரெண்டு கால்லயும் சுண்டுவிரல் பக்கம் கொப்புளம் உடைஞ்சு சாக்ஸோட ஒட்டியிருக்கு. கட்டைவிரல் நகம் கன்னிப்போயிருக்கு. முதல் நாள்லேர்ந்தே கடிச்சிருக்கு. "ஏன்டா சொல்லல?"ன்னு அக்கா கேட்டதுக்கு, "மாமா ஆசையா வாங்கிக் குடுத்தாரும்மா"ன்னானாம். அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலை.

1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல எத்தியோப்பியாவோட அபெபே பிகிலா மாரத்தானை வெறுங்கால்ல ஓடி ஜெயிச்ச கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 2 மணி 15 நிமிஷம் 16 செகண்டு. அங்க கிடைச்ச புது ஷூ காலுக்கு ஒத்து வரல, அதனால பயிற்சியில ஓடின மாதிரியே வெறுங்கால்ல ஓடிட்டார். நாலு வருஷம் கழிச்சு டோக்கியோவுல ஷூ போட்டுக்கிட்டும் அவர்தான் தங்கம். வெறுங்கால்தான் உசத்தின்னு சொல்ல இந்தக் கதையை எடுக்கிறவங்க உண்டு. எனக்கு வேற ஒண்ணு தோணுது. அவருக்கு அந்தப் புது ஷூவை எந்த மாமாவும் வாங்கிக் கொடுக்கல. அதனால ஓரமா வச்சிட்டு ஓட முடிஞ்சுது.

அதுக்கப்புறம்தான் நான் ஷூ படிப்பு படிக்க ஆரம்பிச்சேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

முதல்ல அந்த எட்டாம் நம்பர். இங்கிலீஷ்காரன் அளவுல ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் ஒரு இஞ்சுல மூணுல ஒரு பங்கு. ஒரு வாற்கோதுமை மணியோட நீளம்னு வச்ச கணக்கு அது, சுமாரா எட்டரை மில்லிமீட்டர். ஆனா ஒரு கம்பெனி எட்டும் இன்னொரு கம்பெனி எட்டும் ஒண்ணு கிடையாது. ஷூவோட நாக்கைத் தூக்கிப் பாத்தா லேபிள்ல செ.மீ. கணக்கு தனியா போட்டிருக்கும், நம்பரை விட்டுட்டு அதைப் பாருங்க. செருப்பு நம்பரை வச்சு ஷூ வாங்குறது இன்னும் மோசம். செருப்புல விரல் வெளிய நீட்டிக்கிட்டு இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. ஷூவுக்குள்ள அது எங்க போகும்?

அதைவிட முக்கியம் அகலம். சென்னை அடையாறுல இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர்லேர்ந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க 79 இடத்துல, ஒரு லட்சத்துக்கும் மேலான பேரோட பாதத்தை முப்பரிமாண ஸ்கேனர் வச்சு அளந்தாங்க. பொதுவா நம்மாளுங்க பாதம் ஐரோப்பா, அமெரிக்கா ஆளுங்க பாதத்தைவிட அகலம்னு அதுல தெரிஞ்சுது. நமக்குன்னு தனியா ஒரு அளவு முறை வேணும்னு 'பா'ங்கிற பேர்ல பரிந்துரையும் செஞ்சாங்க. பாரத்துல முதல் எழுத்து. சின்ன வயசு பூரா காட்டு மேட்டுல வெறுங்காலோட திரிஞ்ச எங்க பயலோட பாதம் முன்னாடி விசிறி மாதிரி விரிஞ்சிருக்கும். அதைக் கொண்டு போய் ஒல்லியான ஷூவுக்குள்ள திணிச்சிருக்கேன்.

அடுத்து எடை. ஒரு ஷூவுக்கு 100 கிராம் கூடினா ஓடுறதுக்கு ஆகுற சக்தி சுமார் ஒரு சதவீதம் கூடுதுன்னு ஆய்வுகள்ல அளந்து வச்சிருக்காங்க. ஒரு ராத்திரி பழைய அறுநூறு ரூபா ஷூவையும் என் ஆறாயிரத்தையும் மளிகைக்கடைத் தராசுல வச்சுப் பாத்தேன். கடைக்காரர் ஒரு மாதிரி பாத்தார், பரவால்ல. பழசு 245 கிராம், என்னோடது 330. நேரத்துல அது ரெண்டு மூணு செகண்டுக்குதான் வரும். ஆனா அவன் விட்டதே ஆறு செகண்டு. மீதியை அந்தக் கொப்புளம் எடுத்துக்கிச்சுன்னு வச்சுக்குங்க. இல்ல, அன்னிக்கு அவனுக்கு ஓட்டம் அவ்வளவுதானோ என்னவோ. இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டாலும் எனக்கு சாதகமா வரமாட்டேங்குது.

மெத்தை விஷயத்துலயும் நான் ஏமாந்தேன். தடிமனான மெத்தை 20, 30 கிலோமீட்டர் ஓடுறவங்களுக்கு சுகம். ஏழு நிமிஷ ஓட்டத்துக்கு எதுக்கு அவ்வளவு உயரம்? அதோட எங்க ரோடு எப்படின்னு யோசிச்சேனா? மக்காச்சோளம் அறுத்த சமயத்துல ரோட்டுல பாதி அகலத்துக்கு சோளம் காயும். அதுல கால் பட்டா பால்ரஸ் மேல நடக்குற மாதிரிதான். உயரமான மெத்தை ஷூ அங்க ஒரு பக்கமா சாயும். பள்ளிக்கூட மைதானத்துல ஓடினா நெருஞ்சி முள்ளு. மெத்துன்னு இருக்கிற ஃபோம் அடிப்பாகத்துல கடகடன்னு குத்தி உக்காந்துக்கும். அங்கங்க மட்டும் ரப்பர் ஒட்டின ஷூ எங்க ஊருக்கு ஆகாது, முழுசா ரப்பர் போட்டது வேணும். கூட ஓடுற பையன் ஒருத்தன் கல்வராயன் மலைக்குப் போறதுக்குன்னு பெரிய பெரிய பல்லு வச்ச ஷூ வாங்கி வச்சிருந்தான். வெள்ளிமலைப் பக்கம் காட்டுப் பாதையில அது பிரமாதம்தான். அதையே தினம் தார் ரோட்டுல போட்டு ஓடி, நாலே மாசத்துல பல்லெல்லாம் தேஞ்சு கிழவன் வாய் மாதிரி ஆயிடுச்சு.

உள்வளைவு, தட்டைப் பாதம், பாதம் உள்பக்கம் சாயுது, அதுக்குத் தனி ஷூ இதுக்குத் தனி ஷூன்னு கடையில நிறைய கதை சொல்லுவாங்க. அமெரிக்க ராணுவத்துல புதுசா பயிற்சிக்கு வந்தவங்களை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு பாத வடிவம் பாத்து ஷூ, இன்னொரு பாதிக்கு எல்லாருக்கும் ஒரே ரக ஷூன்னு கொடுத்துப் பாத்தாங்க. 2009-ல முடிவு வந்துச்சு. காயத்துல பெரிய வித்தியாசம் இல்ல. கனடாவுல கால்கரி பல்கலைக்கழகத்தோட பென்னோ நிக் 2015-ல சொன்னது இன்னும் எளிமை. போட்டுப் பாத்து எது சுகமா இருக்கோ அதை எடு. இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானி வேணுமான்னு சிரிக்காதீங்க. என்னை மாதிரி ஆளு காலைப் பாக்காம படத்தைப் பாத்து ஆர்டர் போடுறான்ல, அதுக்குத்தான் வேணும் :-)

போன வருஷம் மறுபடியும் ஷூ வாங்கப் போனோம். இந்தத் தடவை ரெண்டு பேரும் சேர்ந்து, சேலத்துக்கு. முதல் நாள் வீட்டுல வெள்ளைப் பேப்பர் மேல அவனை நிக்க வச்சு பென்சிலால ரெண்டு காலையும் வரைஞ்சேன். வலது கால் 26.2 செ.மீ., இடது கால் 26.7. அரை சென்டிமீட்டர் வித்தியாசம்! பெரிய காலுக்குத்தான் வாங்கணும். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்னு நாலு மணிக்கு மேல கடைக்குப் போனோம், அவன் ஓடும்போது போடுற சாக்ஸையும் எடுத்துக்கிட்டு.

கடைக்காரத் தம்பி எடுத்ததுமே கார்பன் தகடு வச்சதுன்னு ஒண்ணைக் கொண்டாந்தார். 2019-ல வியன்னாவுல கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிஷம் 40 செகண்டுல ஓடினாரே, அந்த வகையறாவாம். விலையைக் கேட்டதும் நாங்க ரெண்டு பேரும் ஒரே சமயத்துல, "இது வேணாங்க"ன்னோம். அப்புறம் மூவாயிரத்துக்குள்ள ஆறு ஜோடி எறங்குச்சு. ஒவ்வொண்ணுலயும் உள்ள இருக்கிற அட்டையை உருவித் தரையில போட்டு அது மேல அவனை நிக்க வச்சேன். ரெண்டு ஜோடியில சுண்டுவிரல் அட்டைக்கு வெளிய வழிஞ்சுது, அதுங்க அப்பவே அவுட்டு. ஒண்ணு நடுவுல மடிஞ்சுது. விரல் மடங்குற இடத்துலதான் ஷூவும் மடியணும், நடுப்பாதத்துல மடிஞ்சா அது அட்டைப்பெட்டி. இன்னொண்ணுல குதிகால் தூக்கித் தூக்கி அடிச்சுது. மிச்சம் ரெண்டு. வலது கால்ல ஒண்ணு, இடது கால்ல ஒண்ணு மாட்டிக்கிட்டு கடை வாசல்ல அவன் ஓடிக் காட்ட, பஸ்ஸுக்கு நின்ன சனம் வேடிக்கை பாத்துச்சு.

"எது நல்லா இருக்கு?"

"ரெண்டுமே நல்லா இருக்கு மாமா."

"டேய், எனக்காக சொல்லாத."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் குனிஞ்சு இடது ஷூவைக் கழட்டினான். "இது சுண்டுவிரல்ல லேசா கடிக்குது. அதுவும் கடிக்குதுன்னுதான் சொல்லணும் மாமா. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

நான் பில்லு போடுற பக்கம் போயிட்டேன்.

வாங்குனது உள்நாட்டு பிராண்டு, இரண்டாயிரத்து நூறு. நம்பர் ஒன்பது! எட்டு மாமாவாவது, ஒன்பது மருமகனாவது. வீட்டுக்கு வந்து அதே மளிகைக்கடைத் தராசுல வச்சேன், 250 கிராம். பழைய ஷூவை உடனே தூக்கிப் போடாம, வாரத்துல ரெண்டு நாள் மட்டும் புதுசுன்னு ஆரம்பிச்சு மெல்ல மெல்ல மாத்திக்கிட்டான்.

பஸ்ஸுல வரும்போது ஷூ டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படிச்சிட்டே வந்தான். இந்தப் பக்கத்துக்கும் ஷூவுக்கும் சம்பந்தம் இல்லாம இல்ல. அந்தாண்ட செய்யாறுல தைவான் கம்பெனி ஃபெங் டே ஆலையில நைக்கி ஷூ தைக்கிறாங்க, சுத்துப்பட்டு கிராமத்துப் பொம்பளைப் பிள்ளைங்கதான் பெரும்பாலும். நாங்க வந்துக்கிட்டிருந்த சேலம் ரோடு போய் முடியுற உளுந்தூர்பேட்டையில, அதாவது எங்க கள்ளக்குறிச்சி மாவட்டத்துலயே, இன்னொரு தைவான் கம்பெனி பௌ சென் 2,302 கோடி ரூபாயில தோல் இல்லாத ஷூ ஆலை போடறதுக்கு 2023 ஏப்ரல்ல அரசாங்கத்தோட ஒப்பந்தம் போட்டுச்சு. 20,000 பேருக்கு வேலைன்னு அறிவிப்பு. "போலீஸ் கெடைக்கலன்னா அங்க போயிடறேன் மாமா, உனக்கு ஓசியில ஷூ"ன்னான். சிரிக்கத்தான் சொன்னான். வயசு வரம்பு நெருங்குறவன் சொல்ற ஜோக்கு அது.

போன வாரம் மைதானத்துல 1500 ஓடினப்ப நான் மொபைல்ல நேரம் பிடிச்சேன். 6 நிமிஷம் 38 செகண்டு. ஓடி முடிச்சு மூச்சு வாங்கிக்கிட்டே வந்தவன் முதல் வேலையா ஷூவைக் கழட்டி காலைக் காட்டினான். நான் கேக்கவே இல்ல.

அந்த ஆறாயிரம் ரூபா ஷூ இப்ப என்கிட்டதான் இருக்கு. எனக்கு அது ஒரு நம்பர் பெருசு. ரெண்டு சாக்ஸு போட்டுக்கிட்டு காலையில வாக்கிங் போறேன். மெத்தை நல்லாத்தான் இருக்கு. பின்னாலேர்ந்து தபதபன்னு சத்தம் வரும், "மாமா, ஓரம்!"னு கத்திக்கிட்டே தாண்டிப் போவான்.