75 வாட்டுக்குள் ஒரு கார்டு

வெள்ளி

தங்கை மகன் விஸ்காம் சேர்ந்ததிலிருந்து ஒரே பாட்டு: "மாமா, கிராபிக்ஸ் கார்டு." பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் பழக வேண்டும், வீடியோ எடிட் பண்ண வேண்டும். கையில் 18,000 ரூபாய். வீட்டில் இருப்பது ஏதோ ஆபீஸில் கழித்துக்கட்டிய டெஸ்க்டாப். யூடியூபில் ஆளாளுக்குக் கார்டைத்தான் தூக்கிக் காட்டுகிறார்கள். நான் முதலில் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். பவர் சப்ளை ஸ்டிக்கரில் 240 வாட். கார்டுக்குப் போகவேண்டிய ஆறு பின், எட்டு பின் ஒயர் ஒன்றுகூட இல்லை. மதர்போர்டு பிளக்கும் வழக்கமான 24 பின் இல்லை. சப்ளையைச் சட்டென்று மாற்றவும் வழியில்லை. ஸ்லாட் வழியாகக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்குள் ஓடுவதுதான் நமக்கு. எல்லோரும் புகழும் ஆர்எக்ஸ் 6600 கேட்பது 132 வாட். அத்தோடு அது போயிற்று.

சனி

ரிச்சி தெரு. பைக்குகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க முடிந்தது. முதல் கடையில் ஜிடி 730-ஐ நீட்டி, "நாலு ஜிபி சார்" என்றார்கள். உள்ளே டிடிஆர்3 மெமரி. தொட்டி பெரிசு, குழாய் ஊசி அளவு. அடுத்து ஜிடி 1030. இதில் இரண்டு ரகம்: ஜிடிடிஆர்5 என்றால் நொடிக்கு 48 ஜிபி பாயும், டிடிஆர்4 என்றால் 17-ஐத் தொடாது. அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பது 1030 மட்டும்தான். எப்படி விற்கிறார்களோ!

ஆர்எக்ஸ் 6400 கொஞ்சம் ஆசை காட்டியது. 53 வாட்தான். ஆனால் பிசிஐஇ இணைப்பில் நாலே லேன். நம்முடையதைப் போன்ற பழைய போர்டில் அந்த இணைப்பின் வேகம் இன்னும் பாதி. வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய உதவும் என்கோடரே அதில் கிடையாது. எடிட்டிங் பழகும் பையனுக்கு அந்தக் கார்டு எதற்கு?

ஞாயிறு

எதிர் வீட்டுப் பையன் செகண்ட் ஹேண்ட் வாங்கச் சொல்கிறான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றபோது, அதில் ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தது ஏராளம். பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி, புது மாடல் பெயரில் தள்ளிவிடுவதும் உண்டு. ஜிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். ஓட்டிக் காட்டச் சம்மதிக்காதவரிடம் பேச்சே வேண்டாம்.

செவ்வாய்

ஆர்டிஎக்ஸ் 3050, ஆறு ஜிபி. வாங்கியாயிற்று. "எட்டு ஜிபி எடுங்க சார், இன்னும் ஸ்பீடு" என்றார் கடைக்காரர். வாஸ்தவம்தான். 2022-இல் வந்த எட்டு ஜிபி கார்டில் 2560 கோர்கள். 2024-இல் வந்த இதில் 2304, மெமரி பாதையும் குறுகல். ஆனால் அது 130 வாட், இது 70. தனி ஒயர் வேண்டாத மாடல்தானா என்று கார்டைத் திருப்பிப் பார்த்தேன். கொண்டுபோயிருந்த டேப்பால் நீளத்தையும் அளந்தேன். பில்லில் சீரியல் நம்பர் எழுதச் சொன்னதும் அவர் முகம் சுளித்தார், எழுதிக் கொடுத்தார்.

இரவு

"மாமா, கார்டு வேலை செய்யல!" மானிட்டர் ஒயரை மதர்போர்டிலேயே விட்டுவைத்திருந்தான். அதைக் கார்டில் மாற்றிச் செருகிய பிறகும் பிளெண்டர் சிபியுவில்தான் ரெண்டர் செய்தது. பிரிஃபரன்ஸில் சைக்கிள்ஸ் ரெண்டருக்கான இடத்தில் 'ஆப்டிக்ஸ்' தேர்ந்தெடுத்து, சீனிலும் ஜிபியு என்று மாற்றியதும்தான் விசிறி இரைந்தது. இப்போது ரேம் போதவில்லை என்று தொடங்கியிருக்கிறான். அதை அவன் அப்பாவிடம் கேட்கட்டும்.