ஒன் மோர்

காட்சி ஊடகவியல் படிக்க வருகிறவர்களில் ஆவணப்படம் எடுப்பதற்கென்றே வருகிறவர் அநேகமாக யாரும் கிடையாது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அடுத்த வெற்றிமாறன், மீதிப் பேர் அடுத்த பி.சி. ஸ்ரீராம். ஆவணப்படம் என்பது எங்களுக்குத் தேறியே ஆகவேண்டிய ஒரு தாள், அவ்வளவுதான். அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு நினைவு வந்தது, டூரிங் டாக்கீஸில் படம் தொடங்குமுன் ஓடும் செய்திப்படம். 1948இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் நாடு முழுக்கத் தியேட்டர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த படங்கள். அணைக்கட்டு, வெள்ளச் சேதத்தைப் பார்வையிடும் மந்திரி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசுவதுபோல ஒரு குரல். அது முடியட்டும் என்று வெளியே பீடியோடு நிற்கிறவர்களே அதிகமாம். "அதையா காசு கட்டிப் படிக்கிற?" என்றார்.

எங்கள் பேராசிரியர் முதல் வகுப்பில் ஒரு நிமிடம்கூட ஓடாத படம் ஒன்றைப் போட்டார். 1895இல் லூமியேர் சகோதரர்கள் பிரான்சின் லியோன் நகரில் தங்கள் தொழிற்சாலை வாசலில் எடுத்தது. கதவு திறக்கிறது, வேலை முடிந்த பெண்களும் ஆண்களும் கும்பலாக வெளியே வருகிறார்கள், ஒரு நாய் குறுக்கே ஓடுகிறது, பின்னாலேயே குதிரை வண்டி. "இது நிஜமா, நடிப்பா?" என்று கேட்டார். நிஜம் என்றோம். அதே படத்தை மறுபடி போட்டார். இப்போது வண்டியில் இரண்டு குதிரைகள். மூன்றாவது தடவை போட்டார். குதிரையே இல்லை. ஒரே வாசலில், வேறு வேறு நாளில், மூன்று தடவை எடுத்திருக்கிறார்கள். தொழிலாளர்கள் தங்கள் முதலாளிக்காக மறுபடி மறுபடி வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். படப்பிடிப்புத் தளத்தில் இயக்குநர்கள் கத்தும் 'ஒன் மோர்' உலகத்தின் முதல் ஆவணப்படத்திலேயே இருக்கிறது என்று தெரிந்ததும் வகுப்புக்கு ஒரே குஷி. எனக்கு மட்டும் ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றியது.

அடுத்த வாரம் ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் 'நானூக் ஆஃப் தி நார்த்', 1922. அதில் ஏமாற்றம் இன்னும் பெரிது. கனடாவின் வடகோடிப் பனியில் வாழும் இனுயிட் வேட்டைக்காரர் நானூக்கின் உண்மைப் பெயர் அல்லாகாரியால்லாக். அந்த மக்களிடம் அப்போதே துப்பாக்கி இருந்தது. படத்தில் ஈட்டியால் வேட்டையாடுகிறார்கள். பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதாது என்பதால் ஒரு பக்கம் திறந்த பெரிய வீடாகக் கட்டி, அந்தக் குளிரில் குடும்பத்தைத் தூங்கி எழ வைத்திருக்கிறார் மனிதர். இத்தனைக்கும் அந்தப் படமே ஒரு பெரிய ஒன் மோர். அதற்கு முன் எடுத்துவைத்திருந்த 30,000 அடி நெகடிவ், 1916இல் அவருடைய சிகரெட் நெருப்பு பட்டு எரிந்துபோனது. மறுபடி வடக்கே போய்த்தான் நானூக்கை எடுத்தார். பொய்க்காரர் என்று நான் முடிவு கட்டிய வேளையில் பேராசிரியர் இன்னொன்றும் சொன்னார்: எடுத்த பிலிமை அங்கேயே கழுவி, நடித்தவர்களுக்கே போட்டுக் காட்டியிருக்கிறார். வால்ரஸ் வேட்டைக் காட்சி ஓடியபோது, திரையில் தெரிவது படம் என்பதையே மறந்து, விடாதே, பிடி என்று கூச்சல் போட்டார்களாம். அந்தத் தகவலை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் மனம் போனது ஏ.கே. செட்டியார் பக்கம். கோட்டையூர்க்காரர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில், காந்தியைப் பற்றி ஒரு படம் எடுத்தால் என்ன என்று நினைத்தவர். அதற்காக அவர் சுற்றிய தூரம் ஒரு லட்சம் மைல் என்கிறார்கள். யார் யாரோ, எங்கெங்கோ எடுத்துவைத்திருந்த துண்டுகளைத் தேடிச் சேர்த்தது 50,000 அடி. அதிலிருந்து 12,000 அடிப் படம் 1940இல் வெளிவந்தது. காந்தியிடம் ஒன் மோர் கேட்க முடியாது. அவரைப் புகைப்படமெடுக்க அனுமதி பெற்ற உறவினர் கனு காந்திக்கே நிபந்தனைகள் இருந்தன: ஃபிளாஷ் கூடாது, இப்படி நில்லுங்கள் அப்படி நில்லுங்கள் என்று சொல்லக் கூடாது, ஆசிரமம் காசு தராது. நடந்து முடிந்ததை யாராவது எடுத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இதுதான் நேர்மையான ஆவணப்படம் என்று எனக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அந்த வயதில் தீர்ப்புக்கா பஞ்சம்?

இறுதித் திட்டப்பணிக்கு எங்கள் குழு தேர்ந்தெடுத்தது தூத்துக்குடி உப்பளம். கேமராவைத் தொடுமுன் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலைப் படித்துவிட்டு வரவேண்டும் என்பது பேராசிரியரின் கட்டளை. உப்பளத் தொழிலாளர்களைக் களத்தில் போய்ப் பார்த்து ராஜம் கிருஷ்ணன் எழுதியது. படித்தவர்கள் நானும் இன்னொருத்தியும். பையன்கள் கேமராவை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஒலி. பெண்களுக்கு ஒலியைத் தள்ளிவிடுவது எங்கள் கல்லூரியில் எழுதாத சட்டம். அது பெரிய லாபம் என்பது போகப் போகத்தான் தெரிந்தது. ஹெட்ஃபோன் மாட்டியவளிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. அவளுக்கோ எல்லாமே கேட்கிறது.

அளத்தில் ஆட்கள் விடியுமுன்பே இறங்கிவிடுகிறார்கள். கடல்தண்ணீர் என்று நினைத்துப் போன எங்களுக்கு, பல அளங்களில் நிலத்தடி உப்புநீரை மோட்டார் போட்டு இறைக்கிறார்கள் என்பதே புதுச் செய்தி. பாத்தி பாத்தியாகப் பாய்ந்து, வெயிலில் சுண்டி, கடைசிப் பாத்தியில் உப்பாக இறங்குகிறது. ஆண்கள் வாருபலகையால் வாரிக் கரையில் சேர்க்க, பெண்கள் பெட்டியில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறார்கள். வெயில் ஏறியதும் எங்களுக்குப் பிரச்சினை தொடங்கியது. கேமராவின் ஒளியளவிக்குக் கண் கிடையாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமென்று கணக்குப் போடும். உப்பைக் காட்டினால், இவ்வளவு வெளிச்சமா என்று மிரண்டு எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். உப்பு அழகாக, மணி மணியாகத் தெரியும். அதைச் சுமக்கிறவரின் முகம் கரிக்கட்டையாகிவிடும். முகம் தெரிய அப்பர்ச்சரைத் திறந்தால் உப்பு வெளுத்து, தரையா வானமா என்று தெரியாத வெறும் வெள்ளை. தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு கேமராத் திரையைப் பார்த்தபடி பையன்கள் நெடுநேரம் சண்டை போட்டார்கள். உப்பா, முகமா? பாடப் புத்தகத்தில் இதை எக்ஸ்போஷர் என்ற தலைப்பில் போட்டிருக்கிறார்கள். வேறு அதிகாரத்தில் சேர்த்திருக்க வேண்டியது. கடைசியில் முகம் ஜெயித்தது.

எங்கள் படத்தின் நாயகி ஓர் அக்கா. புடவைக்கு மேலே ஆண்சட்டை, தலையில் சும்மாடு. அம்பாரத்தில் ஏறிக் கொட்டிவிட்டு அவர் இறங்கியதும் எங்கள் ஒளிப்பதிவாளன் வழக்கம்போல, "அக்கா, ஒன் மோர்" என்றான். அவர் நின்று, மரியாதையாகவே கேட்டார்: "கொட்டுனத அள்ளிட்டு வரவா தம்பி, புதுசாச் செமந்துட்டு வரவா?" அவனுக்குப் பதில் வரவில்லை. அவரே புதுப் பெட்டியோடு வந்தார், இந்தத் தடவை கேமரா இருக்கும் பக்கமாக முகத்தைத் திருப்பி ஏறினார். பிறகு மடைக்கரையில் உட்கார்ந்து, "காலை எடுக்கலியா? முன்ன வந்தவங்க எல்லாரும் காலத்தானே எடுத்தாவ" என்று பாதங்களை நீட்டினார். உப்பில் வெடித்த பாதம். எங்கள் ஷாட் பட்டியலில் 'குளோசப்: கால்கள்' என்று இருந்தது. டி.வி.க்காரர்கள், எங்களைப்போன்ற மாணவர்கள், யூடியூப்காரர்கள் என்று எத்தனையோ பேருக்கு அவர் கால் கொடுத்திருக்கிறார். ஆவணப்படம் என்றால் என்னவென்று எங்கள் எல்லாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

சாப்பாட்டு வேளையில் கேமராவை அணைத்துவிட்டார்கள். அக்காவின் சட்டையில் குத்தியிருந்த லேப்பல் மைக்கைக் கழற்ற நான் எழுந்தபோது, அவர் கங்காணியைப் பார்க்க அந்தப் பக்கம் போய்விட்டார். ஹெட்ஃபோனில் எல்லாம் கேட்டது. மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது. அரசாங்கம் சில ஆண்டுகளாகக் கொடுக்கும் 5000 ரூபாய் நிவாரணம் எத்தனை நாளுக்குக் காணும்? முன்பணம் வாங்குகிறார்கள், வெயில் வந்ததும் கூலியில் கழிக்கிறார்கள். இந்த வாரம் கழிக்க வேண்டாம், மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும் என்கிறார் அக்கா. கங்காணி முடியாது என்கிறார். அக்கா குழைகிறார், கோபிக்கிறார், சிரிக்கிறார். எங்களிடம் பேசிய குரலே இல்லை. கடைசியில் தொனியை இறக்கி, "அங்க நிக்குதுவள்லா, அதுவ கலெக்டர் ஆபீசுலருந்து வந்திருக்கு. என்ன ஏதுன்னு எல்லாம் எழுதிட்டுப் போவுது. ஒங்க பேரயும் கேட்டுது" என்றார். சற்று நேரம் காற்று மட்டும் கேட்டது. பிறகு கங்காணி, "சரி, அடுத்த வாரம் பாப்போம்" என்றார்.

அன்றிரவு லாட்ஜில் அதைப் போட்டுக் கேட்டபோது குழுவே துள்ளியது. இதுதான்டி படம், மற்றதெல்லாம் சும்மா என்றார்கள். உண்மைதான். யாரும் கேட்காமல், யாருக்காகவும் செய்யாமல், ஒன் மோருக்கு வழியே இல்லாமல் வந்து விழுந்தது. முதலாம் ஆண்டில் நான் எழுதிவைத்த தீர்ப்பின்படி இதைவிட நேர்மையான காட்சி இருக்க முடியாது. ஆனால் அந்த ஹெட்ஃபோன் என் காதில் அல்லவா இருந்தது? ஒட்டுக்கேட்டதற்கும் ஆவணப்படுத்தியதற்கும் நடுவே ஒரு மைக்கின் ஸ்விட்ச் மட்டும்தான் இருக்கிறதா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஹெட்ஃபோனை அக்காவின் காதில் மாட்டிவிட்டேன். முதலில் முகம் வெளிறியது. 'கலெக்டர் ஆபீசு' வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அப்படிச் சிரித்தார். பிறகு, "இத அழிச்சிரு பாப்பா. இதப் போட்டா எனக்கு அளத்துல வேல இருக்காது" என்றார். சரி என்றேன். "கடன் கதைதான ஒங்களுக்கு வேணும்? நானே சொல்லுதேன். கேமராவ வை." சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார், தலையை ஒதுக்கினார், நேராகக் கேமராவைப் பார்த்து, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்க நிற்பவரைப்போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். யார் பெயரும் இல்லை. எவ்வளவு வாங்கினால் எவ்வளவு கழிப்பார்கள், எந்த மாதம் அடுப்பு எரியாது என்ற கணக்கு மட்டும். நடுவில் தடுமாறி, "இது சரியில்ல, மொதல்லருந்து சொல்லுதேன்" என்றார். எங்களில் யாரும் கேட்காத ஒன் மோர் அது. (அழித்த சங்கதியை இங்கே எழுதலாமா என்று போனில் கேட்டுக்கொண்டேன். அந்தக் கங்காணி இப்போது இல்லையாம். எழுது என்றார்.)

ஆனந்த் பட்வர்தனின் 'பம்பாய்: அவர் சிட்டி' படத்தைப் பிறகுதான் பார்த்தேன், 1985இல் வந்தது. குடிசை இழந்த பெண் ஒருவர் படமெடுக்க வந்தவர்களையே சாடுகிறார். ஏழைகளைப் படம் பிடித்துப் பேர் வாங்கத்தானே வந்தீர்கள் என்கிற ரீதியில். பட்வர்தன் அதை வெட்டாமல் படத்திலேயே வைத்திருக்கிறார். அந்தப் பெண் கேமராவிடம்தான் பேசுகிறார், கேமரா இருப்பது தெரிந்துதான் பேசுகிறார். அதனால் அது பொய்யாகிவிடவில்லை. ஒளிந்திருந்து பிடித்ததுதான் உண்மை, கேட்டு வாங்கியதெல்லாம் நடிப்பு என்ற நம்பிக்கை எங்கள் வகுப்பில் ஒரு மதமாகவே இருந்தது. நான் அதிலிருந்து வெளியேறிவிட்டேன். ஃபிளாஹர்ட்டியின் ஈட்டிகளை இன்னமும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தப் பனியில் திரை கட்டிப் போட்டுக் காட்டினாரே, அதற்காக அவரிடம் மறுபடி போகவேண்டியிருக்கிறது.

எடிட்டிங்கைப் பற்றி நிறையப் புலம்பலாம். ஒன்றே ஒன்று. பழைய காலத்து அளம் பற்றிப் பெரியவர் ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அருமையாகப் பேசியிருந்தார். பின்னால் கடை ரேடியோவில் இளையராஜா. அவர் பேச்சில் எங்கே கத்தரி வைத்தாலும் பல்லவியிலிருந்து பாட்டு சரணத்துக்குத் தாவியது. போதாததற்குப் பாட்டின் உரிமைப் பிரச்சினை வேறு. தமிழ்நாட்டில் ஒலிபெருக்கி இல்லாத அமைதி எங்கே கிடைக்கும்? கோயில் கொடை, கட்சிக் கூட்டம், கல்யாண வீடு, காய்கறி வண்டி. "பாட்டு முடியுற வரைக்கும் டீ குடிக்க வேண்டியதுதானே?" என்றார் பேராசிரியர். மூன்று ஆண்டுகளில் ஒலிப்பதிவு பற்றி எனக்குக் கிடைத்த மிக உபயோகமான பாடம் அது. பெரியவரின் பேச்சு முழுக்கப் போயிற்று.

வெளித் தேர்வாளர் படத்தைப் பார்த்துவிட்டு, உப்பளக் காட்சிகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் கடன் பற்றிப் பேசும் இடம் செயற்கையாக இருக்கிறது, ஒப்பிப்பதுபோல இருக்கிறது, அந்தம்மாவை இயல்பாகப் பேசவிட்டு எடுத்திருக்கலாமே என்றார். ஒளிப்பதிவாளன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தேர்வாளரைப் பார்த்து, "ஆமாம் சார்" என்றேன். மதிப்பெண் சுமார்.

படத்தை அக்காவின் மகள் போனுக்கு அனுப்பினோம். அக்கா பார்த்து முடித்துக் கூப்பிடும்போது, கடன் பேச்சைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "பாப்பா, உப்பு ஏன் இம்புட்டு வெள்ளையா இருக்கு? இப்படி உப்பு எங்க அளத்துல என்னைக்கு வெளஞ்சுது? மொதலாளி பாத்தா, இன்னும் ரெண்டு பெட்டி சேத்துச் செமக்கச் சொல்லப் போறான்" என்றார்.