முழங்கால் கற்பித்த பாடம்

உறுப்புக்கள் யாவும் ஒழுங்காய்த் தொழிற்படும்வரை அவற்றை நாம் நினைப்பதேயில்லை. நாற்பத்தாறு வயதுவரை நானும் என் முழங்காலை நினைத்ததில்லை. சென்ற ஆண்டு மார்கழி மழையில், வீட்டுக்கு அண்மையிலுள்ள ஒழுங்கையிலே சைக்கிள் சறுக்கி விழுந்தேன். வலது முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு வெடித்துவிட்டது. ஆறு வாரம் பிளாஸ்ரர்க் கட்டோடு கிடந்தேன். கட்டை அவிழ்த்த வைத்தியர், எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டதென்றும், இனி மெல்ல நடக்கலாமென்றும் கூறினார்.

எலும்பு பொருந்தியது, முழங்கால்தான் மடிய மறுத்தது. படியிறங்கும்போது கால் திடீரெனத் தளர்ந்தது. சந்நிதியில் விழுந்து கும்பிட இயலவில்லை. சம்மணமிட்டுப் பந்தியில் அமரவும் முடியவில்லை. "தம்பி, காலை ஆட்டாமல் ஆறுதலாய் இரு" என்றார் அம்மா. அவர் சொற்படி ஒரு மாதம் சாய்மனைக் கதிரையே கதியென்றிருந்தேன். நோ குறையவில்லை; கூடிற்று.

பின்னர் இயன்மருத்துவரிடம் போனேன். அவர் இளம் பெண். நாடாவினால் என் இரு தொடைகளையும் அளந்தார். வலது தொடை மூன்று சென்ரிமீற்றர் சிறுத்திருந்தது.

"முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது தொடையின் முன்புறத் தசை, சேர். வேலை கொடாவிட்டால் அது சில வாரங்களிலேயே மெலிந்துவிடும். மூட்டிலுள்ள குருத்தெலும்புக்கோ இரத்தக் குழாய்கள் இல்லை. கால் அசையும்போதுதான் மூட்டுநீர் அதற்குட் சென்று ஊட்டமளிக்கும்" என்று விளக்கினார்.

மல்லாந்து படுத்து, இடக்காலை மடித்து, வலக்காலை நீட்டியபடி ஓரடி உயர்த்தி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தவேண்டும். இவ்வாறு பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. வலக்கையிற் பிடித்திருந்த ஊன்றுகோலை வாங்கி இடக்கையிலே தந்தார். நோயுற்ற காலுக்கு எதிர்ப்பக்கத்திலேயே கோல் இருக்கவேண்டுமாம். படியேறும்போது நல்ல கால் முந்தவேண்டும். இறங்கும்போது நோயுற்ற கால் முந்தவேண்டும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலிற் சுமத்தப்படும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறையுமென்றும் சொன்னார். மூட்டு வீங்கினாலோ சூடேறினாலோ பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் வரவேண்டுமென எச்சரித்தார். இறுதியாக, "கடுந்தரையில் முழந்தாளிட வேண்டாம், சேர்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையின் பொருள் வகுப்பறையில்தான் எனக்கு விளங்கிற்று. பாடசாலைக்குத் திரும்பிய முதல் நாள், வீட்டுவேலை செய்தவர் யார், செய்யாதவர் யாரென்று வழக்கம்போல வினவினேன். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து வந்தான். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் தானாகவே என் மேசையருகே சீமெந்துத் தரையில் முழந்தாளிட்டான். அத்தனை பழக்கம்!

உடற்றண்டனை கூடாதென்று கல்வியமைச்சு 2005ஆம் ஆண்டிலே சுற்றறிக்கை அனுப்பியது. நான் பிரம்பைத் தொட்டதில்லை. ஆகையால் அச்சுற்றறிக்கை எனக்குரியதன்று என எண்ணி இத்தனை ஆண்டுகள் கழித்துவிட்டேன். அன்றோ அவன் தரையிலிருக்க, என் முழங்கால் நொந்தது.

"எழும்பு, தம்பி" என்றேன். அவன் நம்பவில்லை, இன்னொரு முறை சொல்லவேண்டியதாயிற்று.

இப்பொழுது ஐந்து மாதமாகிறது. ஊன்றுகோலின்றி நடக்கிறேன், படியேறுகிறேன். சம்மணமிட இன்னும் இயலவில்லை. ஒருகால் இனி இயலாமலும் போகலாம். கைகூப்பி நின்றே கும்பிடுகிறேன். அந்தப் பையன் பாடசாலை விட்டபின் கால்மணி நேரம் என் மேசையருகே கதிரையில் அமர்ந்து, விட்ட கணக்குகளைச் செய்கிறான். நானும் என் கதிரையிலிருந்தபடி காலை நீட்டி, ஐந்துவரை எண்ணி, மடக்குகிறேன். இருவருக்கும் வீட்டுவேலை இன்னும் மிச்சமிருக்கிறது.